ஓதற்பிரிவும் உறையுளும்

என் தமையனார் மேற்கல்வியின் பொருட்டு வரும் செப்டம்பர்த் திங்களில் இலண்டன் மாநகர்க்குச் செல்ல இருக்கின்றார். சில வாரங்களாக எங்கள் வீட்டு முன்கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாய் திறந்தபடியே கிடக்கின்றன. அன்னையார் காலையில் ஒன்றை எடுத்து உள்ளே வைப்பதும், தமையனார் மாலையில் அதனை எடுத்து வெளியே வைப்பதும், வானூர்தியார் ஒரு பெட்டிக்கு விதித்த 23 கிலோவை நினைந்து தந்தையார் இரவில் இரண்டனையும் தூக்குத் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன. பெட்டியுள் யாது வைப்பது என்பது பற்றி மூவரும் வாதிட்டனரேயன்றி, அப்பெட்டியைக் கொண்டுபோய் எவ்விடத்தில் இறக்குவது என்பது நெடுநாள் வரையில் ஒருவராலும் பேசப்படவில்லை. இதனைக் கண்ணுற்ற எனக்கு, இவ்வழியில் நமக்கு முன்னே சென்றோர் யாது செய்தனர் என்று அறியும் வேட்கை உண்டாயிற்று. நம் கல்லூரி நூல்நிலையத்தினின்றும் இருவர் வரலாறுகளை எடுத்துப் படித்தேன். அவற்றால் அறிந்தவற்றை, அயல்நாடு செல்லும் எண்ணமுடைய மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி ஈண்டு வரைகின்றேன்.

கல்வியின் பொருட்டு இல்லம் துறந்து செல்லுதலை நம் இலக்கணத்தார் ஓதற்பிரிவு எனத் தனியே பெயரிட்டு வழங்கினர். அப்பிரிவு மூன்று யாண்டினைக் கடவாது என வரையறை செய்தது தொல்காப்பியம். ஆயின், சென்றவன் எங்கே தங்கினான், யார் கையால் உண்டான், குளிருக்கு எதைப் போர்த்தான் என்பனவற்றை அந்நூல் கூறிற்றில்லை. வீட்டில் இருந்து வருந்தும் தலைவியின் நிலையை நுணுகி உரைத்த புலவர்கள், சென்றவனுடைய சமையலறையை எட்டிப் பாராமற் போயினர். பாட்டிற்கு அது பொருளன்று போலும்! சென்றவனுக்கோ அதுவே பொருள்.

முதலாவதாக யான் படித்தது காந்தியடிகளின் வரலாறு. அவர் 1888 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4 ஆம் நாள் பம்பாயினின்றும் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அவர் பெட்டி கட்டிய திறத்தை அவரே நகைச்சுவையோடு எழுதிவைத்திருக்கின்றார். கரையில் இறங்கும்போது உடுத்தற்கென்று வெண்ணிறக் கம்பளி உடை ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். கோடை கழிந்து எல்லோரும் கருநிற உடை தரித்திருந்த காலத்தில் தாம் ஒருவரே வெள்ளுடையோடு இறங்கி நின்றார். பிறர் செய்தது கண்டு, திறவுகோல்களையும் சேர்த்துத் தம் பெட்டிகள் யாவற்றையும் முகவரிடம் ஒப்படைத்துவிட்டமையால், மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாதலின் மாற்றுடைக்கும் வழியில்லை. பம்பாயில் தைத்த ஆடைகள் அந்நகரத்தார் கூட்டத்திற்கு ஏலா என்று பின்னர்ப் புதியன வாங்க நேர்ந்தது. வீட்டினின்றும் கொண்டுசென்ற இனிப்பு வகைகளும் மசாலைப் பொருள்களும் சில காலம் துணைசெய்தன. பின்னர் அவற்றையும் விட்டனர். ஆகவே, பெரும்பொருள் செலவிட்டுக் கொண்டுசென்ற பொதியிற் பெரும்பகுதி சில மாதங்களிற் பயனற்றதாயிற்று. கையிற் கொண்டுசென்ற அறிமுகக் கடிதங்கள் நான்கே என்றும் பயன்பட்டன என்று சொல்லத் தகும். அவற்றின் எடை எவ்வளவு!

இனி அவருடைய உறையுளைப் பார்ப்போம். முதலில் தங்கிய விடுதியில் மூன்று பவுன் கொடுத்தும் அரைப்பட்டினியாகவே கிடந்தார். புலால் உண்ணேன் என்று அன்னைக்குக் கொடுத்த வாக்கே அதற்குக் காரணம். அடுத்து ஓர் அறையை அமர்த்திக்கொண்டார். மருத்துவர் மேத்தா என்னும் நண்பர் அவ்வறையையும் அதன் பொருள்களையும் பார்த்துத் தலையை அசைத்து, இவ்விடம் ஆகாது என்றனர். இந்நாட்டார் வாழ்க்கையை அறிதற்கு ஒரு குடும்பத்தோடு உறைதல் வேண்டும், அதற்கு முன்னர் ஒரு நண்பரிடத்தில் இருந்து பழகிக்கொள்ளல் வேண்டும் என்றும் கூறினர். அவ்வாறே ஏறக்குறைய ஒரு மாதம் ரிச்மண்டு என்னும் பகுதியில் நண்பரோடு இருந்து, பின்னர் மேற்குக் கென்சிங்டனில் கைம்பெண் ஒருவர் இல்லத்தில் உறைந்தார். அங்கும் பசி தீரவில்லை. இன்னும் ஒரு துண்டு ரொட்டி வேண்டும் என்று கேட்க நாணம் தடுத்தது. நாள்தோறும் பல கல் தொலைவு நடந்து திரிந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்ட அன்றுதான் வயிறார உண்டார்.

இதன்பின் அவர் செய்தது யான் பெரிதும் வியந்தது. காசு காசாகக் கணக்கெழுதிப் பார்த்து, குடும்பத்தோடு உறைதலை விட்டு இரண்டு அறைகளைத் தனியே அமர்த்தினார். செல்ல வேண்டிய இடத்திற்கு அரை மணி நேரத்தில் நடந்து செல்லத்தக்கதாக அவ்விடத்தைத் தெரிந்துகொண்டமையால் வண்டிச் செலவும் மிஞ்சிற்று. பின்னர் அவ்விரண்டும் மிகையெனக் கருதி ஓர் அறையே போதுமென்று கொண்டு, அடுப்பு ஒன்றை வாங்கி, ஓட்சுக் கஞ்சியும் கொக்கோவும் தாமே காய்ச்சினார். அதற்கு இருபது நிமிடத்திற்கு மேல் ஆகவில்லை. நாட்செலவு ஒரு சில்லிங்கு மூன்று பென்னியில் அடங்கிற்று. நண்பகல் உணவை வெளியே உண்டார். அங்கே மரக்கறி உணவினர் கூட்டத்தாரும் நண்பராயினர். 1891 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நலத்தோடு ஊர் திரும்பக் கப்பலேறினார். தொல்காப்பியர் வகுத்த மூன்று யாண்டு நிரம்பவில்லை.

இரண்டாமவர் நம் கும்பகோணத்துக் கணிதமேதை இராமாநுஜன். இவரது பயண ஏற்பாடு காந்தியடிகளின் ஏற்பாட்டினும் பன்மடங்கு சிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவிப்பொருள் அளித்தது. அதில் ஒரு பகுதி மாதம் 60 ரூபாயாக அன்னைக்கு அனுப்பப்பட ஏற்பாடாயிற்று. ஐரோப்பிய உடையும் காலணியும் சேகரிக்கப்பட்டன, குடுமி நீக்கப்பட்டது, கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணும் பயிற்சியும் அளிக்கப்பட்டது. 1914 ஆம் ஆண்டு மார்ச்சு 17 ஆம் நாள் சென்னையிற் கப்பலேறி, ஏப்பிரல் 14 ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். கணித அறிஞர் நெவில் அங்கே வந்து எதிர்கொண்டார். சில நாள் குரோம்வெல் சாலையில் இந்திய மாணவர்களுக்கென அமைந்த இல்லத்தில் தங்கி, பின்னர்க் கேம்பிரிட்ஜில் நெவிலின் இல்லத்திலேயே ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தார். அதுவரையில் ஒரு குறையும் இல்லை. அதன்பின் ஹார்டிக்கு அண்மையில் இருத்தல் வேண்டி, டிரினிட்டிக் கல்லூரியின் ஊவெல் முற்றத்தில் உள்ள அறைக்குக் குடிபெயர்ந்தார். கணிதத்தின் பொருட்டு நோக்கின் இம்மாற்றம் முற்றும் பொருந்தும். வயிற்றின் பொருட்டும் உடம்பின் பொருட்டும் நோக்கின், நெவில் இல்லத்தின் உணவு மேசையை விட்டுத் தன்னந்தனி அடுப்பங்கரைக்குச் சென்றதாக முடிந்தது.

அக்காலத்து அங்கே பயின்ற மகலனோபிஸ் என்னும் வங்காள அறிஞர் கூறிய செய்தி ஒன்று உளது. குளிர்காலத்தில் இராமாநுஜனது அறைக்குச் சென்ற அவர், இரவில் வெதுவெதுப்பாக இருக்கின்றதா என்று வினவினார். இல்லை, மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்தே உறங்குகின்றேன் என்றார் இராமாநுஜன். படுக்கையைச் சென்று பார்த்தபோது கம்பளிகள் வேண்டுமளவு இருந்தன. ஆயின், அவை மேல்விரிப்பின் அடியில் இறுகச் செருகப்பட்டிருந்தமையால், அவற்றினுள்ளே புகுந்து படுத்தல் வேண்டும் என்பது இவருக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கின்றார். கம்பளியை விலக்கி உள்ளே புகும் முறையை மகலனோபிஸ் காட்டினார். பகுப்பெண்களின் உள்ளத்தை அறிந்தவர்க்குப் படுக்கையின் உள்ளே செல்லும் வழியைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. இதனைப் படித்தபோது முதலில் நகைத்தேன். அடுத்த கணமே நகைக்க இயலவில்லை. பெட்டியில் எத்துணைக் கம்பளி வைத்தும் பயனில்லை; அருகில் ஒருவர் வந்து வினவும்படியான உறையுளே வேண்டுவது.

அவர் கல்லூரி உணவுக்கூடத்தில் உண்டிலர். சிறிய அடுப்பில் தாமே சமைத்தார். கணிதத்தில் ஆழ்ந்தபோது காலமல்லாக் காலத்தில் உண்டார். 1914 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிற் போர் மூண்டபின் காய்கனிகளும் அரியவாயின. வெறுஞ்சோறும் சிறிது உப்பும் எலுமிச்சஞ் சாறும் இருந்தாலே எத்துணைக் காலமும் கழிப்பேன் என்னும் பொருள்பட நண்பர்க்குக் கடிதம் எழுதினார். ஒருமுறை நண்பர் சிலரை அறைக்கு அழைத்துத் தம் கையால் இரசம் வைத்துப் பரிமாறினார். இருமுறை வாங்கி உண்ட விருந்தினர் மூன்றாம் முறை போதுமென்றனர். சிறிது நேரத்தில் இவரைக் காணவில்லை. சில நாள் கழித்தே திரும்பினார். தம் சமையலை மறுத்துவிட்டனர் என்று அவர் உள்ளம் புண்பட்டுப் போயிற்றாம். அவ்வொரு சிறு அடுப்பே அவருக்கு வீடும் ஊரும் சுற்றமுமாய் இருந்தது என்பதனை அறிந்தாலன்றி இச்செயல் விளங்காது.

1917 ஆம் ஆண்டில் நோயுற்றார். மருத்துவ விடுதிகளிலேயே காலம் கழிந்தது. 1919 ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, 1920 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆம் நாள் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அந்நோய் என்புருக்கி என்று அக்காலத்து மருத்துவர் கருதினர். இந்தியாவிலேயே பற்றிய சீதபேதிக் கிருமி கல்லீரலைத் தாக்கியதாகலாம் என்று 1994 ஆம் ஆண்டில் ஆராய்ந்தோர் எழுதினர். ஆதலின், தனியடுப்பே அவரைக் கொன்றது என்று யான் கூறத் துணியேன். ஆயினும், உடன் உண்பார் ஒருவர் நாள்தோறும் இருந்திருப்பின், அவர் மெலிவதை முன்னரே கண்டிருப்பர் அன்றோ?

காந்தியடிகளும் தனியறையில் தாமே சமைத்தாரே என்று வினவலாம். சமைத்தார், ஆனால் நடந்து வெளியே சென்று பலரோடு உண்டும் வந்தார். ரிச்மண்டில் ஒரு மாதம் பழகியபின்னரே தனியறை தேடினார். அவர் பொதி பிழைத்தது, உறையுள் வாய்த்தது. இராமாநுஜனுக்கோ பொதி வாய்த்தது.

இவற்றையெல்லாம் ஒரு மாலையில் என் தமையனாரிடம் எடுத்துரைத்தேன். அவர் இரண்டு இடங்களை நோக்கி வைத்திருந்தார். ஒன்று கல்லூரிக்கு அடுத்த தெருவில், அடுப்பும் குளியலறையும் தனியே அமைந்த ஒற்றை அறை. மற்றொன்று பல்கலைக்கழகத்தாரே நடத்தும் விடுதியில் ஓர் அறை. நடந்து செல்ல நாற்பது நிமிடம் ஆகும். அறுவருக்கு ஒரு சமையலறை. அறைக்குள் அடுப்பு வைத்தல் ஆகாது. முன்னதனைப் படத்தில் மட்டுமே கண்டு முன்பணம் அனுப்ப வேண்டியிருந்தது. அவ்வாறு அனுப்பி இழந்தோர் பலர் உளர் என்பது செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே. தமையனார் தனிமை விரும்பி. அறுவரோடு ஒரு சமையலறையா என்று முகம் சுளித்தார். அன்னையார் கம்பளிக் கதையை மட்டும் மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு ஒன்றும் பேசாது உள்ளே சென்றனர். மூன்றாம் நாள் அவர் விடுதி அறைக்கே விண்ணப்பம் எழுதினார்.

உறையுள் உறுதியானபின் பொதி தானே சுருங்கிற்று. விடுதியில் இல்லாதது யாது என்று கேட்டு எழுதியபின், அதற்கேற்ப எடுத்துவைக்கலானோம். தடித்த கம்பளி அங்கே வாங்கத்தக்கது என்று வெளியே வந்தது. நம் மின்கருவிகளின் செருகி அந்நாட்டுச் சுவர்த்துளைக்குப் பொருந்தாமையால் மூன்று தட்டைக் கால்களையுடைய இணைப்பு இரண்டு உள்ளே சென்றன. மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டும், சான்றிதழ்களும், ஒரு நாள் மாற்றுடையும் பெட்டியில் வையாது கைப்பையில் வைக்கப்பட்டன. காந்தியடிகளின் ஞாயிற்றுக்கிழமையே இதற்கு ஆசான். அன்னையார் தாமே உருக்கி வைத்திருந்த நெய்தான் பெருஞ்சிக்கலாயிற்று. இறைச்சியும் பாலிற் பிறந்த பொருள்களும் இந்தியாவினின்றும் அந்நாட்டிற்குட் கொண்டுசெல்லலாகாது என்பது அவ்வரசின் விதி. நெய்யும் பாலிற் பிறந்ததே என்று தமையனார் மெல்லச் சொன்னார். அன்னையார் அப்புட்டியை நெடுநேரம் கையில் வைத்திருந்து, பின்னர் அலமாரியில் வைத்துவிட்டு, சமையலறையினின்றும் எண்ணெய் ஏறிக் கறுத்த சிறிய தோசைக்கல்லைக் கொண்டுவந்து, அறுவருக்கும் வார்க்கலாம் என்று சொல்லிப் பெட்டியின் அடியில் வைத்தனர். தந்தையார் தராசில் தூக்கிப் பார்த்தார், இருபத்திரண்டரை காட்டிற்று.