கிளை விரிக்கும் இருவகை அணுக்கள்

1868 ஆம் ஆண்டில், பெர்லினில் மருத்துவ மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ், மனிதத் தோலுக்குத் தங்க உப்பினால் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மரம்போல் கிளைத்த அணுக்கள் அதில் தென்பட்டன. அவற்றை அவர் நரம்பணுக்கள் என்று கருதினார். அதில் வியப்பில்லை, நரம்பணுவின் தோற்றமும் அத்தகையதே. அவை நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை என்பது நூறாண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. 1973 இல் ரால்ப் ஸ்டைன்மன் இவ்வினத்து அணுக்களை எலியின் மண்ணீரலில் கண்டு, கிளையணு என்று பொருள்படும் 'டென்ட்ரிடிக் செல்' என்னும் பெயரை இட்டார்.

வடிவம் ஒன்றாயினும் தொழில் வேறு. நரம்பணு தன் கிளைகளால் பிற அணுக்களின் செய்திகளைப் பெறுகிறது. சிறுமூளையின் பர்கின்ஜி அணு ஒன்றுக்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் உண்டு. கிளையணுவோ தோலில் கிளை பரப்பிக் காத்திருந்து, அயற்பொருள் வந்தால் பற்றிக்கொள்கிறது. பின் அதன் துணுக்குகளை ஏந்தி, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் சென்று, டி அணுக்களுக்குக் காட்டுகிறது. எதிர்ப்பொருள் உருவாவதற்கு இதுவே தொடக்கம்.

இவ்விரண்டும் எதிரெதிரே நிற்கும் நோய் ஒன்றுண்டு. அது வெறிநாய்க்கடி நோய். கடித்த இடத்தில் புகும் ரேபிஸ் வைரஸ், நரம்பின் நுனிகளுள் நுழைந்து, நரம்பிழை வழியே தண்டுவடத்தையும் மூளையையும் நோக்கிப் பயணிக்கிறது. நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் 2 முதல் 3 மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலேயும் தோன்றலாம். தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

தடுப்பூசி அந்த இடைவெளியைப் பயன்படுத்துகிறது. தோலுக்குள் ஓரிடத்தில் இடப்படும் 0.1 மில்லி லிட்டர் மருந்தைக் கண்டு, இவ்வளவுதானா என்று உறவினர் சிலர் ஐயுறுவதுண்டு. தோலில் கிளையணுக்கள் மிகுந்திருப்பதால் அச்சிறு அளவே போதுமானது. ஆயினும் எதிர்ப்பொருள் உருவாக ஏறத்தாழ 7 முதல் 14 நாட்கள் வேண்டும். குருதி கசிந்த கடிகளுக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் செலுத்துவது, அதுவரை வைரஸைத் தடுத்து நிறுத்துவதற்கே. எதற்கும் முன்பாகக் காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதனையும் பூசலாகாது.

தோலுக்குள் இடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி இடப்படும். முதல் ஊசி இடும் நாளே 0. காயம் ஆறிவிட்டது என்று இடையில் நிறுத்துவது ஆபத்து. ஒரு நாள் தவறினால், இயன்ற விரைவில் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.