போரைப் பார்த்து ஏமாந்தேன்

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி வீட்டு வாசலில் என் ஆர்எக்ஸ் 100 பைக் மூன்று நாள் சீட் வரை மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் ஆசையாகக் கிக்கரை உதைத்தேன். கால் பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் உதைக்காமல் விட்டதுதான் அன்று நான் செய்த உருப்படியான காரியம். சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கியரில் போட்டுத் தள்ளியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம்.

ஹெட்டைக் கழற்றினேன். சிலிண்டர் போரின் சுவரில் செம்பழுப்பாக ஒரு வளையம்: மூன்று நாளும் ரிங் உட்கார்ந்திருந்த இடம். அதன் மேல் நகத்தை இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் வெறும் கறை, ஹோனிங்கில் போய்விடும். மாட்டினால் துரு குழி பறித்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு மாட்டியது. ரீபோர் செய்து, 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, பெருமையாக ஓட்டிக்கொண்டு போனேன்.

சில வாரம்தான். கத்திப்பாரா பாலத்தில் ஏறும்போது இன்ஜினின் அடியிலிருந்து கடகடவென்று சத்தம். புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் உருட்டிக்கொண்டு போனேன். காதை வைத்துக் கேட்டவர், "மேல எல்லாம் பார்த்தீங்க, கீழ யாரு தம்பி பாக்குறது?" என்றார்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயிலில் நனைந்தபடி இருக்கும். ஆர்எக்ஸ் போன்ற டூ ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. கூடவே வரும் கொஞ்சம் 2டி ஆயில்தான் அங்கே எல்லாவற்றுக்கும். உள்ளே இறங்கிய தண்ணீர் அடியிலேயே தேங்கி, பிக் எண்டின் ஊசி பேரிங்கை அரித்துவிடும். போர் பளபளவென்று இருந்தாலும் அது வெளியே தெரியாது.

இப்போதெல்லாம் சிலிண்டரைக் கழற்றியதும் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்ப்பேன். துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், அது இருக்க வேண்டியதுதான். அதைப் பார்த்துப் பயந்து கிராங்க் மாற்றியவர்கள் உண்டு. பிறகு மேக்னட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுவேன். மணல் நெருடுவது போல இருந்தால் கேஸைப் பிரிக்காமல் வழியில்லை.

கியர் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் அங்கேயும் தண்ணீர் புகுந்திருக்கிறது. கிராங்க் சீல் இரண்டையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். மேக்னட் பக்கத்துச் சீல் காற்றை இழுத்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, புதுப் பிஸ்டன் ஜாம் ஆகும். சைலன்சரைக் கவிழ்க்கவும் மறக்காதீர்கள். என்னுடையதிலிருந்து அரை சொம்புத் தண்ணீர் கொட்டியது!

எல்லாம் போச்சென்று பழைய கேஸைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கேஸ் வாங்கிவிடாதீர்கள். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் நம்பர் அந்தக் கேஸில்தான் அடித்திருக்கிறது.