'வெறும்' என்னும் ஒரு சொல்
(நகைச்சுவைப் படங்களும் இசைப்படங்களும் பெற்ற பரிசுகளைப் பற்றிய ஓர் ஆய்வு)

மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையையே முதலில் வைத்தார். அழுகையும் பெருமிதமும் அதற்குப் பின்னரே வருகின்றன. முதலில் நிற்பதனாலேயே ஒன்று உயர்ந்தது ஆகிவிடாது; ஆயினும், நகை தாழ்ந்த பொருள் என்று அவர் கருதவில்லை என்பது தெளிவு. நாமோ ஒரு படத்தைப் பார்த்து விடுதிக்குத் திரும்பியதும், "வெறும் சிரிப்புப் படம்", "வெறும் பாட்டும் கூத்தும்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுகிறோம். சோகப் படத்தை யாரும் 'வெறும் அழுகைப் படம்' என்று எளிதில் தள்ளுவதில்லை. இந்த 'வெறும்' என்னும் சொல் முறைதானா? அமெரிக்கத் திரையுலகின் இரு பெரும் பரிசுகளான ஆஸ்காரையும் கோல்டன் குளோபையும் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

1. வரிசைக்கு வெளியே போட்ட நாற்காலி

முதல் ஆஸ்கார் விழா 1929ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் நடைபெற்றது. சிறந்த படத்திற்கான பரிசு 'விங்ஸ்' என்னும் போர்ப் படத்திற்குக் கிடைத்தது. அவ்விழாவில் இயக்குநர்களுக்கு இரு பரிசுகள் இருந்தன. ஒன்று நாடகப் படத்திற்கு. மற்றொன்று நகைச்சுவைப் படத்திற்கு. பின்னதை 'டூ அரேபியன் நைட்ஸ்' படத்திற்காக லூயிஸ் மைல்ஸ்டோன் பெற்றார். அடுத்த விழாவிலேயே நகைச்சுவை இயக்குநர் பரிசு நீக்கப்பட்டது. மீண்டும் அது வரவே இல்லை.

அதே விழாவில் வேறொன்றும் நிகழ்ந்தது. 'தி சர்க்கஸ்' படத்திற்காகச் சார்லி சாப்ளினின் பெயர் போட்டியில் இருந்தது. அதனைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டு அவருக்குச் சிறப்புப் பரிசு வழங்கினர். திரையில் பாட்டைக் கேட்கச் செய்து ஊமைப்படக் காலத்தை முடித்துவைத்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்திற்காக வார்னர் நிறுவனத்திற்கும் சிறப்புப் பரிசே தரப்பட்டது. பெருமைதான், ஐயமில்லை. ஆயினும், பந்தியில் எல்லோரோடும் அமர்த்தாமல் தனியே நாற்காலி போட்டு உபசரிப்பதில் மரியாதையும் உண்டு, விலக்கமும் உண்டு. நகைக்கும் பாட்டுக்கும் முதல் விழாவிலேயே கிடைத்தது அத்தகைய நாற்காலிதான்.

பந்தியில் இடமே கிடைக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. இரண்டாம் விழாவில் 'தி பிராட்வே மெலடி' என்னும் இசைப்படம் சிறந்த படமாயிற்று. அப்பரிசைப் பெற்ற முதல் பேசும் படமும் அதுவே. 1934ஆம் ஆண்டில் வெளிவந்த 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' என்னும் நகைச்சுவைப் படம் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து முதன்மைப் பரிசுகளையும் ஒருங்கே வென்றது. அவ்வாறு வென்ற முதற் படம் அதுவே.

2. தனிப் பிரிவு பிறந்தது

ஹாலிவுட்டில் இருந்த அயல்நாட்டுச் செய்தியாளர்கள் 1944இல் வழங்கத் தொடங்கியதே கோல்டன் குளோப் பரிசு. 1952ஆம் ஆண்டு விழாவில் அவர்கள் சிறந்த படத்திற்கான பரிசை இரண்டாகப் பிரித்தனர். நாடகப் படத்திற்கு ஒன்று. இசை அல்லது நகைச்சுவைப் படத்திற்கு ஒன்று. புதிய பிரிவில் முதற் பரிசு 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' படத்திற்குச் சென்றது. அவ்வாண்டு ஆஸ்காரும் அதனையே சிறந்த படமாகத் தேர்ந்தது.

இந்தத் தனிப் பிரிவால் பயன் உண்டா? 1959ஆம் ஆண்டின் படங்களை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு 'பென்-ஹர்' பதினொரு ஆஸ்கார்களை அள்ளிச் சென்றது. தேர்ப்பந்தயமும் பெருங்கூட்டமும் நிறைந்த அப்படத்தின் எதிரே, பில்லி வைல்டர் இயக்கிய 'சம் லைக் இட் ஹாட்' என்ன செய்யும்? கொலைகாரரிடமிருந்து தப்பப் பெண்வேடம் பூண்டு மகளிர் இசைக்குழுவில் சேரும் இரு இசைக் கலைஞர்களின் கதை அது. சிறந்த படத்திற்கான ஆஸ்கார் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. உடை அமைப்புக்கு மட்டும் ஒரு பரிசு கிடைத்தது. கோல்டன் குளோபின் தனிப் பிரிவோ அதனைச் சிறந்த நகைச்சுவைப் படமாகத் தேர்ந்தது. ஜாக் லெமனுக்கும் மர்லின் மன்றோவுக்கும் நடிப்புப் பரிசுகளை அளித்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரைப்பட நிலையம் சிறந்த நகைச்சுவைப் படங்கள் நூற்றை வரிசைப்படுத்தியபோது அப்படத்தையே முதலிடத்தில் வைத்தது. யானையையும் குயிலையும் ஒரே தராசில் நிறுத்தால் குயில் தோற்கத்தான் செய்யும். குயிலுக்கென ஒரு தராசு வேண்டும் என்பதே தனிப் பிரிவின் நியாயம்.

அந்தத் தராசும் பிழைபடுவதுண்டு. 1952ஆம் ஆண்டின் 'சிங்கிங் இன் தி ரெயின்' ஊமைப்படம் பேசும் படமாக மாறிய காலத்தையே கதையாகக் கொண்டது. ஆஸ்கார் ஒன்றுகூட அதற்குக் கிட்டவில்லை. கோல்டன் குளோப் டொனால்ட் ஓ'கானரின் நடிப்பைப் பாராட்டியது. ஆனால் சிறந்த இசைப்படமாக வேறொன்றையே தேர்ந்தது. 2006இல் இசைப்படங்களை வரிசைப்படுத்திய அதே நிலையம் இதனை முதலிடத்தில் அமர்த்தியது. பரிசு ஓராண்டின் தீர்ப்பு. காலமோ மேல்முறையீட்டு மன்றம்.

3. ஏற்றமும் இறக்கமும்

1958 முதல் 1968 வரை வெளிவந்த படங்களே இவ்வகையின் பொற்காலம். அந்தப் பதினொரு ஆண்டுகளில் ஏழுமுறை ஆஸ்காரின் சிறந்த படப் பரிசு இசைக்கோ நகைச்சுவைக்கோ கிடைத்தது. 'ஜிஜி', 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 'மை ஃபேர் லேடி', 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்', 'ஆலிவர்' ஆகிய ஐந்தும் இசைப்படங்கள். 'தி அபார்ட்மென்ட்', 'டாம் ஜோன்ஸ்' ஆகிய இரண்டும் நகைச்சுவைப் படங்கள்.

அதன் பின்னர் ஒரு நீண்ட வறட்சி. 1968க்குப் பிறகு, 2002ஆம் ஆண்டின் 'சிகாகோ' வரும்வரை எந்த இசைப்படமும் அப்பரிசை வெல்லவில்லை. 'ஹலோ, டாலி' போன்று பெருஞ்செலவில் எடுத்த படங்கள் இழப்பைத் தந்தது ஒரு காரணம். பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் திடீரெனப் பாடத் தொடங்குவதைப் புதிய தலைமுறையினர் நம்ப மறுத்தது மற்றொரு காரணம்.

அந்த நம்பிக்கையின்மைக்கு விடை கண்டவர் பாப் ஃபாஸி. அவருடைய 'காபரே' 1972இல் வந்தது. அதில் ஏறக்குறைய எல்லாப் பாடல்களும் பெர்லின் நகரத்து இரவு விடுதியின் மேடையில்தான் ஒலிக்கின்றன. ஒரே ஒரு பாடல் மட்டும் வெளியே, திறந்தவெளி மதுத் தோட்டத்தில் எழுகிறது. அழகிய இளைஞன் ஒருவன் பாடுகிறான். காமிரா கீழிறங்க, அவன் அணிந்திருப்பது நாஜிச் சீருடை என்பது தெரிகிறது. சுற்றியிருப்போர் ஒவ்வொருவராக எழுந்து உடன் பாடுகின்றனர். ஒரு நாடு எவ்வாறு மதிமயங்கிற்று என்பதை அந்த ஒரு பாட்டு காட்டிவிடுகிறது. அப்படம் எட்டு ஆஸ்கார்களை வென்றது. கோல்டன் குளோபின் இசை அல்லது நகைச்சுவைப் பிரிவிலும் முதல்வந்தது. இதனை 'வெறும் பாட்டு' என்போமா?

4. கோடு எங்கே?

இனி ஒரு வினா. நகைச்சுவைக்கும் நாடகத்திற்கும் இடையே கோடு கிழிப்பது எப்படி? 'தி அபார்ட்மென்ட்' படத்தில் பதவி உயர்வுக்காகத் தன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகளுக்குக் கொடுக்கிறான் ஓர் எழுத்தன். அதே வீட்டில், தான் விரும்பும் பெண் தூக்க மாத்திரை விழுங்கிச் சாகக் கிடப்பதைக் காண்கிறான். நகைச்சுவைப் பிரிவில் பரிசு பெற்ற படம் இது! சிரித்துக்கொண்டே வந்த நாம் அங்கே திடுக்கிடுகிறோம். முன்பு சிரித்ததற்காக நாணுகிறோம்.

மறுபுறம், செவ்வாய்க் கோளில் தனித்து விடப்பட்டவனின் கதையான 'தி மார்ஷியன்' 2016ஆம் ஆண்டு விழாவில் இதே பிரிவில் வென்றது. பலர் வியந்தனர், சிலர் நகைத்தனர். வேடிக்கை இழையோடும் நாடகப் படங்கள் நாடகப் பிரிவிலேயே போட்டியிட வேண்டும் என்று அவ்வாண்டே விதியைத் திருத்தினர். அந்தச் செய்தியாளர் சங்கம் 2023இல் கலைக்கப்பட்டது. பரிசும் பிரிவும் வேறு நிருவாகத்தில் தொடர்கின்றன.

2017இல் 'லா லா லேண்ட்' ஏழு கோல்டன் குளோப்களைப் பெற்றது. ஆஸ்கார் மேடையிலும் சிறந்த படம் அதுவே என்று தவறாக அறிவித்துவிட்டனர். சில மணித்துளிகளில் பிழை தெரிந்தது. பரிசு 'மூன்லைட்' படத்திற்கு உரியதாயிற்று.

முடிவுரை

நாம் கண்டது என்ன? தனிப் பிரிவு தேவையானது. அது இல்லாவிடில் குயிலின் குரல் கேட்காது. ஆனால் பிரிவு வேறு, தரம் வேறு. தனியே அமர்த்தப்பட்டது என்பதற்காக ஒன்று தாழ்ந்தது ஆகாது. நிலைத்து நிற்கும் நகை பெரும்பாலும் துயரத்தின் மடியில் பிறக்கிறது. நிலைத்து நிற்கும் பாட்டு பேச்சால் சொல்ல முடியாததைச் சொல்கிறது. சாப்ளின் 1972இல் மீண்டும் ஒரு சிறப்பு ஆஸ்காரைப் பெற்றார். போட்டியில் வென்ற ஆஸ்கார் 1973இல்தான் கிடைத்தது. அதுவும் 'லைம்லைட்' படத்தின் இசைக்காக. வயது அப்போது 83. உலகையே சிரிக்க வைத்தவர் பந்தியில் அமர்வதற்கு இத்தனை காலம் ஆயிற்று!

ஆதலின் நண்பர்களே, அடுத்தமுறை ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது 'வெறும்' என்னும் சொல் நாவில் எழுமானால், ஒரு கணம் நிறுத்தி, நாம் எதற்காகச் சிரித்தோம் என்று எண்ணிப் பார்ப்போம். திறனாய்வு அங்கேதான் தொடங்குகிறது.