ஊசி அசையும் கணம்

மின்னும் காந்தமும் என்றாலே நம்மில் பலருக்குச் சமன்பாடுகள்தாம் நினைவுக்கு வரும். சூத்திரத்தை மனனம் செய்து இலக்கங்களைப் பிரதியிடுவோம். அச்சூத்திரம் என்ன சொல்கிறது என்று கேட்டால் விழிப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒருநாள் ஆய்வுகூடத்தில் கம்பிச்சுருளொன்றைக் கல்வனோமானியுடன் தொடுத்தேன். சுருளுக்குள் சட்டக்காந்தத்தை வைத்துவிட்டு ஊசியைப் பார்த்தேன். அது பூச்சியத்திலேயே நின்றது.

"டீச்சர், இது வேலை செய்யுதில்லை" என்றேன்.

"காந்தத்தை உள்ளே வைக்கும்போது எங்க பார்த்தீங்க, மகள்?" என்று கேட்டார். நான் காந்தத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்!

இதே இடத்தில் ஒரு விஞ்ஞானியும் தவறினார். மின்னோட்டம் திசைகாட்டி ஊசியைத் திருப்புவதை 1820இல் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் கண்டறிந்தார். அப்படியாயின் காந்தத்திலிருந்து மின்னைப் பெறலாமா என்ற கேள்வி எழுந்தது. 1825இல் ஜெனீவாவில் கொலடன் என்பவர் அதைச் சோதித்தார். காந்தம் ஊசியை நேரடியாகத் திருப்பிவிடும் என்று எண்ணி, கல்வனோமானியை வேறோர் அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் வைத்துவிட்டு நடந்து போய்ப் பார்ப்பதற்குள் ஊசி பூச்சியத்துக்குத் திரும்பிவிட்டது. கையில் கிடைத்த கண்டுபிடிப்பு நழுவிப்போயிற்று.

1831இல் இங்கிலாந்தின் மைக்கல் பரடே அதைக் கண்டார். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர் அவர். கணிதம் அதிகம் கற்றவரல்லர். ஆனால் ஊசி அசையும் கணத்தைக் கவனித்தார்.

டீச்சர் சொன்னபடி நானும் மீண்டும் செய்தேன். காந்தத்தை உள்ளே தள்ளுகையில் ஊசி ஒரு பக்கம் திரும்பியது. வெளியே இழுக்கையில் மறுபக்கம் திரும்பியது. வேகமாக அசைத்தால் திரும்பலும் கூடியது. அசைக்காவிட்டால் ஒன்றுமில்லை.

பரடேயின் விதி சொல்வதும் இதுவே. தூண்டிய மின்னியக்க விசை, சுருளினூடான காந்தப் பாயம் மாறும் வீதத்துக்கு நேர்விகிதசமன். 500 சுற்றுகள் கொண்ட சுருளுக்குள் எவ்வளவு வலிய காந்தம் அசையாது கிடந்தாலும் தூண்டிய மின்னியக்க விசை பூச்சியமே. பரீட்சையில் இதைக் கேட்டால், காந்தத்தின் வலிமையைக் கண்டு மயங்கிப் புள்ளியை இழந்துவிடுகிறோம்.

டைனமோ பூட்டிய பழைய சைக்கிளை உங்கள் வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். வேகமாக மிதித்தால் விளக்குப் பிரகாசமாக எரியும், நின்றால் அணைந்துவிடும். லக்சபானவில் நீர் சுழலியைச் சுழற்ற, மின்பிறப்பாக்கி மின்னைத் தருவதும் இதே விதிப்படிதான்.

தங்கைமாரே, அடுத்த முறை ஆய்வுகூடத்துக்குச் செல்லும்போது, முடிவைக் கொப்பியில் எழுத அவசரப்படாதீர்கள். ஒருவர் காந்தத்தை அசைக்கட்டும். மற்றவர் ஊசியை விட்டுக் கண்ணெடுக்காதிருக்கட்டும். அதன்பின் சூத்திரத்தைப் படியுங்கள். அது மனனம் செய்யாமலே மனத்தில் நிற்கும்.