மலையிறங்கும் மோட்டார் சைக்கிள்: எல்லை தாண்டுவோர்க்கு ஒரு பாடம்

உடும்பஞ்சோலை வட்டத்தில் வாழும் நமக்குச் சொந்த ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளில் எதில் இறங்கினாலும் தேனி மாவட்டம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும், நல்லது கெட்டதுக்கும் ஒரு காலத்தில் பேருந்துக்கும் ஜீப்புக்கும் காத்து நின்றோம். இன்று நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். காலம் மிச்சம்தான், ஆனால் மலையும் மாறும், மாநிலமும் மாறும் பயணம் இது. இதற்கு வேண்டிய ஆயத்தம் புறப்படுமுன்பே வீட்டில் நடக்க வேண்டும்.

1. இறக்கத்தில் என்ன நடக்கிறது?

போடிமெட்டிலிருந்து போடிக்குள் 17 கொண்டை ஊசி வளைவுகளில், சுமார் 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறோம். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏழு லிட்டருக்கும் மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இதில் ஒரு பங்கைக் காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில் வெப்பமாகச் சேரும். ஓயாமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கட்டைகள் சூடேறிப் பிடிமானம் குறையும். டிஸ்க் பிரேக்கில் பழைய எண்ணெய் இருந்தால் அதிலுள்ள ஈரம் கொதித்து, பிரேக் பிடி வெறுமையாகப் போய்விடும். அந்த எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

ஆகவே விதி ஒன்றே: எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்தோ நியூட்ரலிலோ உருட்டி வரும் பழக்கம் நம்மிடையே உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் வீணாக எரியும்! மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

வளைவுக்கு முன்பே, வண்டி நேராக நிற்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். சாய்ந்தபின் பிடித்தால் சக்கரம் வழுக்கும். கொண்டை ஊசியில் பேருந்தும் லாரியும் சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். வளைவுக்கு வெளியே நின்று அதற்கு வழி விடுங்கள். குறுகலான ஏற்றத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதலிடம் என்பது சாலை விதியும்கூட.

2. மூடுபனியும் யானையும்

மூடுபனியில் ஹெட்லைட்டைத் தாழ்த்தி வைக்க வேண்டும்; உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணையே மறைக்கும். பூப்பாறை, சின்னக்கானல் பகுதியில் யானைகள் சாலையைக் கடப்பதை நாம் அறிவோம். அந்தியிலும் விடியலுக்கு முன்பும் அவ்வழிப் பயணத்தைத் தவிருங்கள். யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காமல், படம் எடுக்க நிற்காமல், தூரத்திலேயே திரும்பிவிடுங்கள். ஊரிலிருந்து வரும் உறவினருக்கு மலையாளப் பலகைகளையும் சொல்லிக் கொடுங்கள்: ‘வளவு’ என்றால் வளைவு, ‘மண்ணிடிச்சில்’ என்றால் மண்சரிவு, ‘சூக்ஷிக்குக’ என்றால் எச்சரிக்கை.

3. காகிதங்கள்

ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் இந்தியா முழுவதும் செல்லும். டிஜிலாக்கரில் உள்ள ஆவணங்களைக் காட்டினால் போதும். ஆனால் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியைக் கேரளத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், பழைய அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற்று இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். நம்மில் பலர் இதைக் கவனிப்பதில்லை. பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். கேரளத்தில் இது 2019 டிசம்பர் முதல் தேதியிலிருந்து கண்டிப்பாக்கப்பட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

4. வண்டி களவு போகாமலிருக்க

ஹேண்டில் பூட்டு மட்டும் போதாது. சங்கிலியைச் சக்கரத்தின் வழியே கோத்து, அசையாத கம்பத்தோடு பூட்டுங்கள். ஆர்.சி. புத்தகத்தைச் சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டாம். எஞ்சின் எண், சேசிஸ் எண்களை வீட்டில் குறித்து வையுங்கள். இரண்டாவது சாவியைப் பத்திரப்படுத்துங்கள். காப்பீட்டு நிறுவனம் இரண்டையும் கேட்பது வழக்கம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் களவுக்கு ஒரு காசும் கிடைக்காது. வண்டி காணாமற்போனது எல்லைக்கு அப்பால் என்றாலும், 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

5. விபத்து நேர்ந்தால்

112-ஐ அழையுங்கள். அடிபட்டவரைத் தூக்கிச் சேர்ப்பவர் மீது வழக்கு வராது. பெயரைச் சொல்லும்படியும் கட்டாயப்படுத்த முடியாது. 2019-இல் வந்த திருத்தம் இதை உறுதி செய்கிறது. இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்திலோ, நாம் குடியிருக்கும் இடத்திலோ கொடுக்கலாம்; மனுவுக்காக மலையேறி இறங்கி அலைய வேண்டியதில்லை. ஆறு மாதக் கெடு விதிக்கப்பட்டிருப்பதால் காலம் தாழ்த்தாதீர்கள்.

6. கடல் கடந்தால்

வெளிநாட்டில் வண்டி ஓட்ட நினைப்பவர் இங்கேயே போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெறவேண்டும். அதன் ஆயுள் ஓராண்டு. இலங்கையிலும் மலேசியாவிலும் நம்மைப் போல இடப்பக்கம், வளைகுடா நாடுகளில் வலப்பக்கம். வாடகை வண்டிக்குப் பாஸ்போர்ட்டை அடகு வைக்காதீர்கள், நகல் கொடுங்கள். வண்டியில் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு மோட்டார் சைக்கிள் விபத்தையும் ஏற்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்

அ. மெட்டு இறங்கும்போது எந்தக் கியர்? ஏன்?
ஆ. நம் வண்டியின் காப்பீடு எந்த வகை? என்று முடிகிறது?
இ. வண்டி தமிழ்நாட்டுப் பதிவு என்றால், இங்கே வந்து எத்தனை மாதம்?

மூன்றுக்கும் விடை வந்தபின் சாவியைக் கொடுங்கள். ஊரில் காத்திருப்பவர்களுக்கு நாம் அரை மணி தாமதமாகப் போய்ச் சேர்வதில் குறையொன்றும் இல்லை.