வாசற்படியில் வந்து உட்காரும் பிள்ளை

அன்புள்ள சகோதரிக்கு,

திருமங்கலம் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பக்கத்து வீட்டில் ராத்திரி அடி விழும்போதெல்லாம் அந்த வீட்டுச் சின்னப் பெண் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசற்படியில் வந்து உட்காருகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடாதே என்கிறாராம் உங்கள் கணவர். அந்தப் பையைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக எனக்கு வெகுநேரமாயிற்று. விடிந்ததும் வீட்டுக்குள் போய்ப் பையை எடுக்க முடியுமோ என்னவோ என்று பயந்த பிள்ளைதான் அப்படி முன்கூட்டியே எடுத்துவரும்.

நான் வளர்ந்தது மதுரையில் ஒரு காம்பவுண்டு வீட்டில். ஆறு குடித்தனம், ஒரே குழாய். கடைசி வீட்டு அக்கா அடி வாங்கிய மறுநாள், முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு குடத்தோடு வருவார். வரிசையில் நிற்கும் பெண்கள் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். "நீ முதல்ல புடிச்சுக்க" என்று விலகி நிற்பார்கள். எங்கள் காம்பவுண்டு அவருக்குச் செய்த உதவி அந்த ஒரு குடம் தண்ணீர்தான். ஈரமில்லாதவர்கள் என்று யாரையும் சொல்லமாட்டேன், என் அம்மாவும் அந்த வரிசையில் நின்றவர். "புருஷன் பொண்டாட்டி சண்டை, விடிஞ்சா சரியாயிடும்" என்ற பேச்சு அத்தனை பேர் கையையும் கட்டிப்போட்டிருந்தது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். ஆறு குடித்தனத்தில் இரண்டு என்று கணக்கு வருகிறது. எங்களுக்குக் கேட்டது ஒரு வீட்டுச் சத்தம் மட்டுமே.

இந்த வன்முறை எங்கே போய் முடியும் என்பதையும் மதுரை பார்த்திருக்கிறது. 2012 பிப்ரவரியில், பெற்ற மகளையே சீரழிக்கப் பார்த்த கணவரை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், கணவர் இறந்துபோனார். அப்போது மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கார்க், தற்காப்பு உரிமையைச் சொன்ன அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவைக் காட்டி அந்தத் தாயை விடுவித்தார். சரியான முடிவு. ஆனால் ஒரு தாய் மட்டையைத் தூக்கிய பிறகுதானா சட்டம் அவள் பக்கம் வரவேண்டும்?

முன்னாலேயே வரத்தான் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தலையிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு அதன் 4ஆம் பிரிவிலேயே பதில் உண்டு. அடி விழுகிறது என்று நம்பக் காரணமுள்ள யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு எதுவும் பாயாது. வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள்.

அந்தப் பிள்ளையின் அம்மாவிடம், கணவர் வெளியே போன நேரம் பார்த்துத் தனியாகப் பேசுங்கள். "எங்கே போவேன்?" என்றுதான் கேட்பார். வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்க அவருக்கு உரிமை உண்டு என்கிறது 17ஆம் பிரிவு. பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குத் துணைக்குப் போய்வாருங்கள். அடி விழும் நேரத்தில் தனியாக உள்ளே நுழைய வேண்டாம், அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள்.

அடுத்த தடவை அந்தப் பிள்ளை வந்தால் படியில் உட்காரவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுங்கள். அவள் சாப்பிடும்போதே பெண்கள் உதவி எண் 181க்கு போன் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி