கோடை விடுமுறையும் அவரவர்க்கு உரிய நூலும்

ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே பாடநூல்கள் பரணுக்குச் சென்றுவிடுகின்றன. பல இல்லங்களில் அவற்றோடு சேர்ந்து வாசிப்பும் பரணேறிவிடுகிறது. தமிழகத்தில் ஏப்ரல் இறுதியிலும், டெல்லி முதலிய வட பகுதிகளில் மே மாதத்தின் இடைப்பகுதியிலும் கோடை விடுமுறை தொடங்குகிறது. காஷ்மீரத்துக் குழந்தைகளுக்கோ நீண்ட விடுமுறை பனிக்காலத்தில் வருகிறது. பருவம் எதுவாயினும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: ‘சின்ன வகுப்புகளில் கதைப் புத்தகத்தை விடாமல் வைத்திருந்த பிள்ளை, ஆறாம் வகுப்பைத் தாண்டியதும் புத்தகத்தைத் தொடுவதே இல்லையே; என்ன செய்வது?’

இதற்கு விடை தேடுமுன், நான் செய்த ஒரு தவற்றை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் வட இந்திய நகரம் ஒன்றில் சிறிய நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் பணி எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. பிழைப்பை நாடி அந்நகருக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் தாய், எட்டாம் வகுப்பு படிக்கும் தம் மகனை ஒருநாள் அழைத்து வந்தார். “சுவாமிஜி, லீவு விட்டதிலிருந்து டி.வி. முன்னாலேயே இருக்கிறான். நீங்கள்தான் இவனைப் படிக்க வைக்க வேண்டும்” என்றார்.

முந்நூறு பக்கங்கள் கொண்ட ஆங்கில வாழ்க்கை வரலாறு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டே நாட்களில் அதைத் திருப்பித் தந்து, “படித்துவிட்டேன் சுவாமிஜி” என்றான். மகிழ்ந்து இன்னொன்றைக் கொடுத்தேன். அதுவும் விரைவில் திரும்பியது. மூன்றாவது நூலைக் கொண்டுவந்தபோது, “இதில் உனக்குப் பிடித்த நிகழ்ச்சி எது?” என்று கேட்டேன். அவன் தலை குனிந்து நின்றான். மற்றச் சிறுவர்கள் பார்த்திருக்க, பொய் சொல்வது தவறு என்று கடிந்துகொண்டேன். மறுநாள் முதல் அவன் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவனுடைய தாயைச் சந்தித்தபோது அவர் ஒன்றைச் சொன்னார்: “மாலையில் தங்கைக்குப் படக்கதைப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுகிறான். யாராவது வந்தால் உடனே மூடிவிடுகிறான்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் சோம்பேறியும் அல்லன், பொய்யனும் அல்லன். நான் கொடுத்த நூல்களைப் படிக்க அவனால் இயலவில்லை; அதை வெளியே சொல்ல வெட்கம். அவனால் படிக்க முடிந்த நூல்களோ சிறு பிள்ளைகளுக்குரியவை. அவற்றைக் கையில் வைத்திருக்கவும் வெட்கம். இந்த இரண்டு வெட்கங்களுக்கு இடையே ஒரு பிள்ளை தவித்ததை நான் காணவில்லை. என் விருப்பத்தைப் பார்த்து நூலைத் தேர்ந்தெடுத்தேனே அன்றி, அவனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

அவனை வரவழைத்தேன். “சனிக்கிழமை தோறும் சிறு குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்ட ஆள் வேண்டும். நீ செய்வாயா?” என்று கேட்டேன். சம்மதித்தான். அன்று முதல் படக்கதை நூல்கள் அவனுக்கு வெட்கத்திற்குரியவை அல்ல, பொறுப்புக்குரியவை ஆயின. ஒவ்வொரு கதையையும் வீட்டில் பலமுறை வாய்விட்டுப் படித்துப் பழகிக்கொண்டு வருவான். விடுமுறையின் கடைசி வாரத்தில் கிரிக்கெட் வீரர் ஒருவரைப் பற்றிய மெல்லிய நூலைத் தானாகவே அலமாரியிலிருந்து எடுத்து வந்து, பதிவேட்டில் தன் பெயரை எழுதினான். நான் முதலில் கொடுத்த முந்நூறு பக்க நூலை அவன் மீண்டும் கேட்கவே இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அவன் ஒருவன் மட்டுமா?

நம் நாட்டின் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று நடத்தப்படும் ‘அசர்’ எனும் கல்வி நிலை ஆய்வு, 2022-இல் ஓர் உண்மையை எடுத்துக் காட்டியது. எட்டாம் வகுப்பு மாணவர்களுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்கக் கூடியவர்கள் 69.6 விழுக்காட்டினரே. அதாவது, பத்துப் பேரில் மூவர் அந்தச் சிறுவனின் நிலையிலோ அதனினும் கீழான நிலையிலோ உள்ளனர்.

ஐந்தாம் வகுப்பு வரை குழந்தை படிக்கக் கற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் படித்துக் கற்கிறது. வரலாறு, அறிவியல், கணக்கிலுள்ள வினா ஆகிய அனைத்தும் வாசிப்பு எனும் ஒரே வாயில் வழியாகவே உள்ளே வருகின்றன. அந்த வாயில் குறுகினால் எல்லாப் பாடங்களும் வெளியே நின்றுவிடும். இந்த வயதில்தான் குறையை மறைக்கும் சாமர்த்தியமும் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. எனவே ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் விடுமுறைகள் மிகவும் முக்கியமானவை.

இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஆறு, ஏழாம் வகுப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 3,000 மாணவர்களை ஆராய்ந்த பார்பரா ஹெய்ன்ஸ் என்னும் சமூகவியல் அறிஞர், 1978-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். கோடையில் பிள்ளைகள் ஈடுபடும் செயல்களுள், அவர்களது கற்றல் வளர்ச்சியோடு மிக நெருங்கிய தொடர்புடையது வாசிப்பே என்று அவர் கண்டார். நூலகம் வீட்டிற்கு அருகில் இருப்பதும் வாசிப்புக்குத் துணை செய்தது.

நூலகத் தந்தை காட்டிய வழி

நூல் பிள்ளையை எவ்வாறு சென்றடைவது? இதற்கு விடை கூறியவர் நம் நாட்டவரே. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் முதலில் கணிதப் பேராசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் நூலாக வெளிவந்து உலகெங்கும் ஏற்கப்பட்டன. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவற்றுள் முதலாவதன் கருத்து. அடுத்த இரண்டும் நம் கேள்விக்கு நேரடியாக விடை தருகின்றன. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் உண்டு. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்து வைப்பதே நூலகரின் தொழில். விடுமுறை நாட்களில் அது பெற்றோரின் தொழிலும் ஆகும்.

அதே 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றனர். வாசகர் வரட்டும் என்று காத்திராமல், நூலே வாசகரை நாடிச் சென்றது. இராமேசுவரத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்த அப்துல் கலாமுக்கு, எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் தம் வீட்டிலிருந்த நூல்களைப் படிக்கக் கொடுத்து ஊக்குவித்தார். கலாம் தம் சுயசரிதையில் இதை நன்றியுடன் நினைவு கூர்ந்திருக்கிறார். பெரிய கட்டடமோ திட்டமோ அங்கே இல்லை. ஒரு வீடு, சில நூல்கள், கொடுக்கும் மனம், இவ்வளவே.

இந்த விடுமுறைக்கு ஐந்து பயிற்சிகள்

1. தேர்வு பிள்ளையுடையதாகட்டும். நூலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நூலைப் பிள்ளையே எடுக்கட்டும். ஏதேனும் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால், வேறொன்றைத் தேடலாம். விளையாட்டு, விலங்கு, துப்பறியும் கதை, படக்கதை என எதுவும் தாழ்ந்ததன்று.

2. குடும்பம் முழுவதற்கும் ஒரு வாசிப்பு வேளை வேண்டும். வெயில் கொளுத்தும் பிற்பகலில் அரைமணி நேரம் போதும். அப்போது பெரியவர்களின் கைபேசியும் அணைந்திருக்க வேண்டும். நாம் படிக்காமல் பிள்ளையைப் படிக்கச் சொல்வது பயன் தராது.

3. வாய்விட்டுப் படிக்க ஒரு காரணம் கொடுங்கள். தம்பி தங்கையருக்குக் கதை, கண்பார்வை குறைந்த தாத்தா பாட்டிக்குச் செய்தித்தாள். ஒருவருக்குப் பயன்படுகிறோம் என்ற எண்ணம், வெட்கத்தைப் போக்கும்.

4. கணக்குக் கேட்காதீர்கள். சுருக்கம் எழுதச் சொன்னால் கதைப் புத்தகமும் பாடப் புத்தகமாகிவிடும். ‘அடுத்து என்ன நடந்தது?’ என்று ஆவலோடு கேளுங்கள். பிடிக்காத நூலைப் பாதியில் நிறுத்தவும் அனுமதியுங்கள். வாசிப்பை ஒருபோதும் தண்டனை ஆக்காதீர்கள்.

5. தாய்மொழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குழந்தைகள் பலர் தமிழைப் பேசுவார்கள், படிக்க அறியார். விடுமுறை அதற்கு ஏற்ற காலம். 1957-இல் தொடங்கப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட் சிறுவர் நூல்களைப் பல இந்திய மொழிகளில் குறைந்த விலைக்கு வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிக் கதைகளை இலவசமாகப் பெறலாம். படிநிலை வாரியாக அவை அமைந்திருப்பதால் பிள்ளையின் திறனுக்கேற்பத் தேர்ந்தெடுப்பது எளிது.

நிறைவாக

கேட்டல், சிந்தித்தல், தெளிதல் எனக் கல்விக்கு மூன்று படிகளை நம் முன்னோர் வகுத்தனர். பள்ளி நாட்களில் முதற்படியிலேயே பொழுது கழிந்துவிடுகிறது. நின்று சிந்திக்கப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஓய்வு விடுமுறையில்தான் வாய்க்கிறது. அந்த ஓய்வில் கையில் ஒரு நூல் இருந்தால், சிந்தனைக்குப் பொருள் கிடைக்கும்.

ஆகவே, ‘என் பிள்ளை ஏன் படிப்பதில்லை?’ என்ற கேள்வியை இந்தக் கோடையில் சற்றே மாற்றிக் கேட்போம்: ‘என் பிள்ளைக்குரிய நூலை நான் இன்னும் தேடினேனா?’ முதல் கேள்வி பிள்ளையைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது, நம்மைப் பிள்ளையின் பக்கத்தில் கொண்டுபோய் அமர வைக்கிறது. நான் அந்தக் கேள்வியைக் கேட்கத் தாமதித்தேன். ஒரு சிறுவன் ஒரு வாரம் நூலகத்தின் பக்கமே வராமல் இருந்தான். அன்பர்கள் அவ்வாறு தாமதிக்க வேண்டாம்.